பருந்து தூக்கிக்கொண்டு போன மீன்

எங்கள் வீட்டில் மீனைப் பார்த்தால் முதலில் எழுகிற கேள்வி குழம்பா, வறுவலா என்பதுதான். வெள்ளிக்கிழமை என்றால் மத்தி, விருந்தாளி என்றால் வஞ்சிரம், மாதக் கடைசி என்றால் கருவாடு. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மீனுக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, விளக்குப் போட்டு, வேளாவேளைக்கு இரை போட்டு வளர்த்தோம் என்றால் அதற்கு அப்பாவின் இளகிய மனசுதான் காரணம். அவருடைய ஃபேக்டரியில் யாரோ ஊர் மாறிப் போகும்போது, "சும்மா எடுத்துக்கோங்க" என்று தொட்டியை நீட்டியிருக்கிறார். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது.

அப்போது நாங்கள் பொம்மசந்திராவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் மூத்தவளான அத்தை என்று ஐந்து பேர். அத்தை கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவரை இழந்தவள். தாய் தகப்பன் இல்லாத தம்பிகள் இருவரையும் ஆளாக்கியது அவள்தான். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க வலது காலால் மிஷின் பெடலை மிதிக்கிற வேலை. சர்க்கரை வியாதி இருந்தது, ஆனால் அதை ஒரு வியாதியாக அவள் மதித்ததில்லை. கேக்கைக் கண்டால் "ஒரு துண்டுதானே" என்பாள்.

தொட்டியோடு நான்கு தங்க மீன்களும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்த விரல் நீளக் கறுப்பு மீன் ஒன்றும் வந்தன. கறுப்பு மீனுக்கு டேங்க் கிளீனர் என்று பெயர் சொன்னார்கள். தொட்டிப் பாசியை அது தின்றுவிடும், நாம் கழுவ வேண்டியதில்லை என்றார்கள். அது பாசியைத் தின்றது. பிறகு மற்ற மீன்களுக்குப் போட்ட இரையைத் தின்றது. தங்க மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. ஒன்றரை வருஷத்தில் தொட்டியில் மிச்சம் இருந்தது அது மட்டும்தான், என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வளர்ந்து, திரும்பக்கூட இடமில்லாமல். உடம்பெல்லாம் ஓடு ஓடாகக் கவசம். ஒரு நாள் துள்ளியபோது மூடியின் கண்ணாடி விளிம்பில் இடித்து, முதுகுத் துடுப்பின் மேல் முனையில் ஒரு துண்டு பிய்ந்து போனது.

அந்த அவலட்சணத்தின் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கண்ணாடியில் மூக்கை வைத்து அன்றைய கதையெல்லாம் அதனிடம் சொல்வேன். அது வாயை ஒட்டிக்கொண்டு கேட்கும். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "சமைக்கவும் முடியாது, கொஞ்சவும் முடியாது, எதுக்குங்க இது?" என்று அப்பாவை நச்சரிப்பாள்.

என்ன செய்யலாம் என்று சித்தப்பாவைக் கேட்டார்கள். மீன் விஷயத்தில் எங்கள் வீட்டு நீதிபதி அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். வாரத்தில் ஆறு நாள் லேத் மிஷின் முன்னால் நிற்கிற மனுஷனுக்கு அந்த ஒரு காலைதான் சொந்தம். அவர் யோசிக்கவேயில்லை.

"தலையில ஒரே அடி. வலி தெரியாது. அப்புறம் குழி தோண்டிப் பொதைச்சிடணும்."

நான் ஓவென்று அழுதேன். அப்பா, "ஏரியில விட்டுட்டாப் போச்சு, பாவம்டா" என்றார்.

"அது பாவமில்லண்ணா. இது ஏரிக்குள்ள போனா மத்த மீனோட முட்டையெல்லாம் தின்னுடும். கரையைக் குடைஞ்சிடும். வலையைக் கிழிக்கும். ஒண்ணு விட்டா நூறாகும். விடவே கூடாது."

சித்தப்பாவை எனக்கு அன்று சுத்தமாகப் பிடிக்காமல் போனது. அப்பா என் தலையைத் தடவி, கண்ணைக் காட்டினார். மறுநாள் சித்தப்பா ஷிஃப்டுக்குப் போனபின், பிளாஸ்டிக் வாளியில் மீனைப் போட்டு, ஈரத் துணியால் மூடி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் ஏரிக்குப் போனோம்.

கரையில் ஒரு பலகை நின்றது. எல்லாம் கன்னடம். அப்பாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, சந்தையில் பேரம் பேசினால் தமிழர் என்று யாரும் சொல்ல முடியாது. படிக்க மட்டும் வராது. எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான். நான் பள்ளியில் கன்னடம் படித்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா எழுதியிருக்கு?" என்றார்.

வீட்டில் வளர்க்கும் மீன்களை ஏரியில் விடக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை, அவ்வளவு பெரிய எழுத்து.

"குப்பை போடக் கூடாதுன்னு போட்டிருக்குப்பா" என்றேன்.

"மீன் என்ன குப்பையா?" என்று அப்பா நிம்மதியாகச் சிரித்தார். வாளியைக் கவிழ்த்தோம். அது ஒரு நொடி கரையோரச் சேற்றில் அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது. நான் கையை ஆட்டினேன். நல்ல காரியம் செய்துவிட்டு வருகிறவர்களின் முகத்தோடு இருவரும் வீடு திரும்பினோம். ஃபேக்டரியில் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சித்தப்பாவிடம் அப்பா சொன்னார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சித்தப்பாவோடு ஏரிக்குப் போகத் தொடங்கினேன். அவருக்குச் சந்தோஷம், எனக்குத் தூண்டிலில் ஆர்வம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டார். நான் போனது என் மீனைப் பார்க்க.

ஏரியில் சித்தப்பாவுக்குக் கார்ப்பரேஷன் என்று பட்டப்பெயர். காரணம் இல்லாமல் இல்லை. அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பையெல்லாம் பொறுக்கிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வார். இன்னொருவர் தூண்டில் போட்டிருக்கிற இடத்துக்குக் குறுக்கே போடமாட்டார். சின்ன மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவார், முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள்ளேயே விடுவார், மேலிருந்து எறியமாட்டார். மழைக்காலத் தொடக்கத்தில் மீன்கள் முட்டையோடு இருக்கும் என்று தூண்டிலையே தொடமாட்டார். இதையெல்லாம் அடுத்தவர்களுக்கும் சொல்வார், சும்மா இருக்கமாட்டார். யாராவது பிளாஸ்டிக் கவரைத் தண்ணீரில் விட்டால் தூண்டிலை வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவார். காலையில் நிம்மதியாக உட்கார வந்தவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

பெரிய தகராறு டேங்க் கிளீனரைப் பற்றித்தான் நடக்கும். எங்கள் மீன் மட்டுமல்ல, யார் யாரோ வீட்டிலிருந்து வந்தவை அந்த ஏரியில் பெருகிக் கிடந்தன. தூண்டில்காரர்கள் அதைப் பிசாசு மீன் என்பார்கள். மாட்டினால் தின்ன முடியாது, திரும்பத் தண்ணீரில் விடவும் கூடாது. அதனால் அப்படியே கரையில் வீசிவிட்டுப் போவார்கள். அது லேசில் சாகாது. தண்ணீரில்லாமல் அரை நாள்கூடக் கிடக்கும், வாய் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பருந்துகூட அந்தக் கவசத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். தொட்டால் துடுப்பு முட்களை விறைத்து நிமிர்த்தி அப்படியே பூட்டிக்கொள்ளும். செத்துக் காய்ந்தாலும் முள் நிமிர்ந்தபடி நிற்கும்.

சித்தப்பா தூண்டிலைச் சுருட்டுவதற்கு முன் கரை முழுக்க ஒரு நடை நடப்பார். யார் வீசியதானாலும் சரி, உயிரோடு கிடப்பதை ஒரு கட்டையால் தலையில் ஒரே போடு, செத்ததை அப்படியே, பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிச் சாக்கில் போட்டுக்கொள்வார். ஏரிக்கு வெளியே புங்க மரத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "சின்னப் பசங்க ஓடுற எடம், எவனாவது மிதிச்சான்னா?" என்பார். நான் அவருக்கு முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு மீனின் முதுகுத் துடுப்பையும் பார்ப்பேன். பிய்ந்த துடுப்பு இல்லை என்றால், அடித்துக்கொள்ளட்டும் என்று திரும்பிக்கொள்வேன்.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு அத்தை நேர்ச்சை வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். கொடியேற்றத்திலிருந்து திருநாள் வரை காவி உடை, ஒரு வேளைச் சாப்பாடு, காலில் செருப்பில்லை. வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறிச் சிவாஜிநகர் கோயிலுக்குப் போய், ஜெபம் முடித்துத் திரும்பி வருவாள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாத சித்தப்பாவுக்கு ஒரு பெண். ஒக்கலிபுரத்தில் ஒரு இடம் பொருந்தி வந்தது. இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது, பெண்ணின் அப்பாவும் மாமாவும் வந்து வீட்டைப் பார்த்துப் பேசி முடிப்பது மட்டும்தான் பாக்கி. நேர்ச்சையின் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கும் சித்தப்பா ஏரிக்குக் கிளம்பியதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பத்து மணிக்கு வந்துடுவேன் அண்ணி, சத்தியமா" என்றார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் அவருடைய தூண்டிலில் பிசாசு மீன் ஒன்று மாட்டியது. கரைக்கு இழுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதுகுத் துடுப்பின் மேல் முனையில் ஒரு துண்டு இல்லை. முன்னைவிடப் பெருத்திருந்தது.

"சித்தப்பா, இத விட்டுடலாம். இது ஒண்ணை மட்டும்."

"எதுக்கு?"

எதற்கென்று சொன்னால் பலகை வரைக்கும் சொல்ல வேண்டும். அவர் ஈரச் சாக்கில் மீனைப் போட்டுவிட்டுக் கட்டையைத் தேடினார். அந்த நேரம் பார்த்து, தள்ளி ஊன்றியிருந்த இரண்டாவது தூண்டிலின் நுனியில் கட்டியிருந்த மணி அடித்தது. அடித்த வேகத்திலேயே பெரிய மீன் என்று தெரிந்தது. "அதத் தொடாத பாப்பா, முள்ளு குத்திடும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

நான் பள்ளிக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தேன். வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நூலில் அம்மா என் பெயரின் முதல் எழுத்தைத் தைத்திருந்தாள். அதை வாலில் சுற்றிப் பிடித்து மீனைத் தூக்கினேன். அந்தப் பக்கம் முழுக்கத் தூண்டில்காரர்கள். தண்ணீரில் விட்டால் அத்தனை பேரும் கத்துவார்கள், சித்தப்பாவும் வந்துவிடுவார். வீட்டுக்குப் போகிற வழியில் கால்வாய் சேருகிற இடத்தில் ஆள் இருக்கமாட்டார்கள், போகும்போது அங்கே விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நடைபாதை ஓரம் முழங்கால் உயரப் புல் இருந்தது. அதில் மீனைப் படுக்க வைத்து, பருந்து கண்ணில் படாமலும் ஈரம் காயாமலும் இருக்க மேலே கைக்குட்டையைப் போர்த்தி, அதன் மேல் புல்லைச் சாய்த்துவிட்டேன். ஒன்பது வயது மூளைக்கு அது பிரமாதமான ஏற்பாடு.

சித்தப்பா கட்லா ஒன்றோடு திரும்பி வந்தார். அவர் வாழ்க்கையில் பிடித்ததிலேயே பெரியது அதுதான். மாப்பிள்ளைக் களை அப்போதே வந்துவிட்டது. சாக்கைப் பார்த்தார்.

"எங்க அது?"

"பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு."

"அவ்ளோ பெரிய மீனையா?"

"ரெண்டு பருந்து."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு பருந்தும் இல்லை. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "சரி, சாமானை எடு, நேரமாச்சு" என்று தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தார். கட்லாவின் சந்தோஷத்தில் நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"டேய் தம்பி!" என்று குரல் கேட்டது. மணி பத்தைத் தாண்டியதும் அத்தையே தேடிக்கொண்டு வந்துவிட்டாள். காவிப் புடவையில் தூரத்திலேயே தெரிந்தாள். திட்டிக்கொண்டேதான் வந்தாள், ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நடைபாதையில் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். வெறுங்காலில் குத்தியிருக்கும். அவள் பாதையை விட்டு ஓரத்துப் புல்லில் இறங்கி நடந்தாள்.

நான் கத்தியிருக்கலாம். வாயும் திறந்தது. கத்தினால் பருந்து பொய்யாகிவிடும் என்று ஒரு கணம் தயங்கினேன். அந்த ஒரு கணத்தில் அத்தை மூன்று அடி நடந்துவிட்டாள்.

அவள் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையே திரும்பிப் பார்த்தது. வலது பாதத்தின் நடுக்குழியில் முள் முழுசாக இறங்கி, உள்ளேயே ஒடிந்திருந்தது. சித்தப்பா தூண்டிலையும் கட்லாவையும் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைத் தாங்கி உட்கார வைத்து, தன் துண்டால் பாதத்தை இறுக்கிக் கட்டினார். ஆட்டோ பிடிக்க ஒருவர் ஓடினார். பிறகு சித்தப்பா ஒரு காரியம் செய்தார். புல்லை விலக்கினார். உள்ளே இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்த மீனைப் பார்த்தார். எதையோ எடுத்துக் கசக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கட்டையை எடுத்து ஒரே அடி அடித்து, மீனை நியூஸ்பேப்பரில் சுற்றிச் சாக்கில் போட்டார்.

"இங்க என் உசுரு போவுது, உனக்கு மீன் முக்கியமாடா?" என்றாள் அத்தை.

"இன்னொருத்தர் மிதிச்சிடுவாங்கக்கா."

"நீ புடிச்சதா இது?"

சித்தப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் சும்மா பார்த்தார்.

"ஆமாக்கா."

"நீ போட்டதா இங்க?"

"ஆமா. அவசரத்துல போட்டுட்டேன்."

கூட்டத்தில் ஒருவர் அரைக் கன்னடத்தில், "ஏனு கார்ப்பரேஷன், ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு நீயே இப்டிப் பண்ணா ஹேகே?" என்றார். யாரோ சிரித்தார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு அத்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கட்லாவை யார் எடுத்துக்கொண்டு போனார்களோ தெரியாது.

கிளினிக்கில் முள்ளை எடுத்து, ஊசி போட்டு, கட்டுப் போட்டார்கள். சர்க்கரை இருக்கிறது, தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் சித்தப்பா தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தார். அவள் அதைத் தாண்டி நடந்து ஆட்டோவில் ஏறினாள். நேர்ச்சை முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது.

பெண் வீட்டார் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், அத்தையின் கட்டுப் போட்ட காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அத்தை அன்று மாலையும் சிவாஜிநகருக்குப் போனாள். மறுநாளும் போனாள். மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுச் சேற்றில் கட்டு நனைந்து கறுத்து வரும். அம்மா அதை அவிழ்த்து மஞ்சள் பற்றுப் போட்டு வேறு துணி கட்டுவாள்.

சித்தப்பா கெஞ்சினார். "செருப்புப் போட்டுக்கக்கா. மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உனக்காகத்தாண்டா நடக்குறேன். பாதியில வுட்டா உனக்குத்தான் ஆவாது" என்றாள் அத்தை. அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய ஆண்பிள்ளை அழுவதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு வேடிக்கையாகவும் பயமாகவும் இருந்தது.

திருநாளன்று தேரோடு நடந்துவிட்டு வந்தவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டை அவிழ்த்தபோது வீடு முழுக்க வாடை. ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அடுத்த வாரம், கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்தார்கள். பெடல் மிதித்த கால்.

ஒக்கலிபுரத்திலிருந்து பதில் வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டபோது, நல்ல காரியம் பேச வந்த அன்றே இப்படி ஆனதில் பெண்ணின் அம்மாவுக்கு மனசில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சித்தப்பாவிடம் அத்தை பேசவில்லை. அவர் தட்டு வைத்தால் சாப்பிடமாட்டாள், அம்மா வைத்தால் சாப்பிடுவாள்.

அப்பாதான் அதிகம் கத்தினார். தூண்டிலை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். "அறிவிருக்காடா உனக்கு? முள்ளு மீனை நடக்குற எடத்துல போடுவாங்களா? பெத்த தாய் மாதிரிடா அவ!" சித்தப்பா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மீனை அப்பா பார்க்கவில்லை. பார்த்திருந்தால் துடுப்பை அடையாளம் கண்டிருப்பார், அவர் கத்தல் எங்கே போய் நின்றிருக்குமோ தெரியாது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். எனக்கு இருந்த கவலை, சொன்னால் வெட்கமாக இருக்கிறது, கைக்குட்டையைப் பற்றியது. காணோம் என்று அம்மா கேட்டால் எந்த இடத்தில் தொலைந்ததாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா புனேயில் ஒரு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும், மாதா திருவிழாச் சமயத்தில், அத்தையின் பெயருக்கு ஒரு காவிப் புடவை பார்சலில் வரும். அவள் பிரிக்காமலே பீரோவில் வைப்பாள். அவள் செத்தபிறகு எட்டுப் பார்சல்களைப் பிரித்தோம். அந்த எட்டு வருஷத்தில், அவளுக்குக் காப்பி கொடுக்கும்போதும், ஊன்றுகட்டையை எடுத்துக் கொடுக்கும்போதும், "அத்தை, அது சித்தப்பா இல்லை" என்று எனக்கு எத்தனையோ முறை வாய் வரை வந்தது. கல்லூரிக்குப் போகிற வயதாகியும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தேன், தெரியாமல் செய்தேன் என்பதெல்லாம் முதல் வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்கு மேல் மறைத்தது கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது. அடக்கத்துக்கு வந்த சித்தப்பாவிடமும் நான் பேசவில்லை. அவர் என் தலையில் கை வைத்து, "நல்லாப் படிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வீட்டை விட்டுப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கு லீவு. காலையில் புத்தகப் பையைத் திறந்தால், கணக்கு நோட்டுக்கு மேலே என் கைக்குட்டை இருந்தது. துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து, நீல எழுத்து மேலே தெரிகிற மாதிரி. எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிற ஒரே ஆள் சித்தப்பா. யூனிஃபாரத்தை அவரே தேய்த்துக்கொள்வார். அம்மா கைக்குட்டையைக் கொடியிலிருந்து உருவிக் கையில் திணிக்கிற ரகம். இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரிந்த விஷயங்கள்தான், ஆனால் அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. கைக்குட்டை எப்படியோ வந்துவிட்டது, அம்மாவிடம் அடி இல்லை என்று துள்ளினேன்.

கீழே ஆட்டோ வந்து நின்றது. சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். அத்தை உள்ளறையை விட்டு வரவில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழியனுப்ப நான் ஒருத்திதான் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோவில் ஏறும் முன் அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தக் கைக்குட்டையை விரித்து, தலைக்கு மேலே தூக்கி, அது முழுசாகத் தெரிகிற மாதிரி ஆட்டி ஆட்டி டாட்டா காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் துணி ஆடுவது அவருக்கு அழகாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் வேகமாக ஆட்டினேன்.